மெதுவாகச் சொட்டும் பாட்டில்

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாளே, அவளை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரியும், அது வேறு விஷயம். டிரைவர்கள் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். வீட்டில் அவள் சின்னவள். அக்கா ஒருத்தி பெரியவளாக இருப்பதால் சின்னவள்.

அந்தப் பெரியவளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் உறைக்காது. தாய் இல்லாமல் போன வீட்டில் சின்னவளுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது, கூண்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது எல்லாம் பெரியவள்தான். மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவன். "வீட்டுல இருக்கிறதே கொஞ்ச நாள்தான், சண்டை போட நேரமே இருக்காது, கட்டிக்கோ" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். எந்தத் துணியை எடுப்பது என்பதிலிருந்து எந்தப் பல்லைப் பிடுங்குவது என்பது வரைக்கும் சின்னவள் அக்காவைக் கேட்காமல் ஒன்றும் செய்ததில்லை.

பெரியவளுக்கும் கல்யாணம் ஆனது. நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், கேட்கிறவர்களையும் பேச விடமாட்டாள். கீழ் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு, தெருவுக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தாள். சின்னவள் மாடியில். ஒருத்தி தும்மினால் இன்னொருத்திக்குக் கேட்கும்.

சின்னவளுக்குப் பெண் பிறந்தது. பால் என்றால் பால், அப்படி ஊறியது. பிள்ளை சிணுங்கினாலே ரவிக்கை நனைந்துவிடும். பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்கியது. பகலெல்லாம் கூண்டில் உட்கார்ந்தால் இந்தக் குட்டிக்கு யார் பால் கொடுப்பது? "நான் எதுக்குடி இருக்கேன்?" என்றாள் பெரியவள். பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரி நர்சம்மா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். "பாலைப் பீய்ச்சி வச்சுட்டுப் போ, ஒண்ணும் ஆகாது. ஆனா பாட்டிலைப் பாத்து வாங்கு. சுலபமா வாயில கொட்டுச்சுன்னா, பிள்ளை உன்கிட்ட உழைச்சுக் குடிக்காது. மெதுவா சொட்டணும். மனசுல வச்சுக்கோ."

சின்னவள் மனசில் கல்வெட்டாக வைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் பாட்டில்களைப் பொம்மை மாதிரி வரிசையாக எடுத்து வைத்தார். ஒல்லிக் கழுத்து, அகல வாய், கண்ணாடி, பிளாஸ்டிக், ஒரு பக்கம் சப்பையாக வளைந்த நிப்பிள், நீள நிப்பிள்.

"முதல் பிள்ளையாம்மா? அப்ப நாளைக்கும் வருவீங்க."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"இதுல முதலாளி நீங்களும் இல்ல, நானும் இல்ல. பாப்பா துப்பினா துப்பினதுதான்."

அவர் வாக்கு பலித்தது. ஒல்லிக் கழுத்துப் பாட்டிலின் நீள நிப்பிள் தொண்டை வரைக்கும் போய், பாப்பாவுக்குக் குமட்டியது. சப்பை நிப்பிளை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடினாள். லாரிக்காரனுக்குப் போன் செய்து புலம்பினால், "பாட்டில்னா பாட்டில்தானே, அதுல என்ன மாடல் பாக்குற, லாரியா?" என்று சிரித்தான். சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் அமைந்தது அகல வாய்ப் பாட்டில். நிப்பிளின் அடிப்பாகம் தாய் மார்பு மாதிரியே அகலமாக, மெத்தென்று இருந்தது. அதற்காகப் பாப்பா வாயை நன்றாகத் திறந்தாள். கவிழ்த்துப் பிடித்தால் ஒழுகாது. சொட்டு, சொட்டு, அவ்வளவுதான். பாப்பா சப்புவாள், நிறுத்துவாள், மோட்டுவளையைப் பார்ப்பாள், பிறகு ஞாபகம் வந்ததுபோல மறுபடியும் சப்புவாள். அவள் குடித்து முடிப்பதற்குள் ஒரு கூடைத் துணியை மடித்து வைத்துவிடலாம். சின்னவளுக்கு அதுதான் வேண்டும்.

"நிமித்தி உட்கார வச்சுக் குடுக்கணும்கா. பாட்டிலைத் தூக்கிப் பிடிக்காத. நடுவுல எடுத்துடு, மூச்சு வாங்கட்டும்."

"எத்தனை பேரைத் தூக்கி வளத்தவ நான், எனக்கே பாடமா?"

"ஒண்ணே ஒண்ணுதான் வளத்த. அதுவும் நான்தான்."

"அதான் சொல்றேன், எப்படி வளந்து நிக்குது பாரு, வாயைப் பாரு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னவள் வேலைக்குப் போனாள்.

டிக்கெட் உருளைகள் அடுக்கிய சரக்கறைக்குள், அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து கைப்பம்பால் பால் எடுப்பாள். பக்கத்துக் கூண்டுத் தோழி வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பாள். யாராவது டிரைவர் எட்டிப் பார்த்தால், "உள்ள ஆடிட்டு நடக்குது, அப்புறமா வாங்க" என்பாள். சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவி, பாப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பகல் முழுக்கச் சில்லறைச் சண்டையைப் பொறுத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் அந்த நிமிஷம் கெட்டுப்போனது.

பாப்பா மார்பில் வாய் வைப்பாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுவாள். ஏமாற்றிவிட்டாயே என்கிற மாதிரி முகத்தை முகத்தைப் பார்ப்பாள். சத்தம் கேட்டுப் பெரியவள் மாடியேறி வருவாள், பாட்டிலை வைப்பாள், பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுத் தூங்கிவிடும்.

"பால் வத்திருச்சு கண்ணு" என்றாள் பெரியவள். "வேலைக்குப் போனா அப்படித்தான். உன் உடம்பு அவ்வளவுதான் தாங்கும். அழாத."

சின்னவள் அழுதாள். அக்கா மடியில் தலை வைத்துத்தான் அழுதாள். அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். அக்கம்பக்கத்திலும் சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது. தேய்த்த துணியை வாங்க வந்தவர்கள் எல்லாம், "பரவாயில்லம்மா, என் மருமகளுக்கும் வத்திப்போச்சு" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளை சரியாகச் சப்பாத மார்பில் பால் எப்படி ஊறும்? சரக்கறையில் பம்பை அழுத்த அழுத்தக் கை வலித்தது, பாட்டில் நிறையவில்லை. தன் உடம்பே தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நம்பினாள். பிள்ளையை மார்பில் வைத்திருக்கும் கொடுப்பினை தனக்கு அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை.

ஒரு லீவு நாளில் பவுடர் பால் வாங்கக் கிளம்பினாள். பவுடருக்கு வேறு நிப்பிள் வேண்டுமா என்று கேட்கலாமே என்று, உலர்த்தி வைத்திருந்த பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டாள். பாட்டில் கழுவுவது, கொதிக்க வைப்பது எல்லாம் அக்கா பொறுப்பு. சின்னவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தே நாளாகியிருந்தது.

கடைக்காரர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் நூலாக இறங்கியது.

"இது ஏம்மா இப்படி ஊத்துது?" நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "ஊசியைக் காய்ச்சிக் குத்தியிருக்கீங்க. பாருங்க, ஓட்டையைச் சுத்திக் கருகியிருக்கு."

"எங்க வீட்டுல யாரும் குத்தல. எங்கக்காதான் பாத்துக்கிறாங்க."

கடைக்காரர் அலமாரியிலிருந்து அதே நிப்பிளில் புதிதாக ஒன்றை எடுத்து மாட்டிக் கவிழ்த்தார். சொட்டு. சொட்டு.

சின்னவள் பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது நிப்பிளை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவளைக் குத்தியது அந்த ஓட்டை இல்லை. ஓட்டையை மறந்துவிடலாம். முதுகைத் தடவிக்கொடுத்த கை இருக்கிறதே, அது.

பெரியவள் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா பக்கத்தில் தொட்டிலில் தூங்கினாள்.

"அக்கா, நிப்பிளைக் குத்துனியா?"

"யாரு சொன்னா?"

இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டாள். அங்கேயே சின்னவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"ஆமா, குத்துனேன். இப்ப என்ன?" இஸ்திரிப்பெட்டியை டக்கென்று நிறுத்தி வைத்தாள் பெரியவள். "உன் மகாராணி ஒரு பாட்டில் குடிச்சு முடிக்க மத்தியானமே போயிடுது. ஒரு கையில அவ, ஒரு கையில பெட்டி. வக்கீல் வீட்டுச் சட்டையைக் கருக்கிட்டேன், அந்தம்மா வாசல்ல நின்னு கத்துனது தெருவுக்கே தெரியும். ஊரு உலகத்துல யாரும் பண்ணாததையா பண்ணிட்டேன்?"

"குத்துனதை நான் கேக்கலக்கா. பால் வத்திருச்சுன்னு ஏன் சொன்ன?"

பெரியவள் காலரை நீவினாள். அது ஏற்கெனவே மடிப்புக் கலையாமல்தான் இருந்தது.

"முதல்ல எனக்கும் தெரியலடி. அப்புறம்தான், இதனாலதானோன்னு தோணுச்சு. சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ அழ ஆரம்பிச்சுட்ட. அழறவகிட்ட எப்படிச் சொல்றது?"

"நான் அழுததே அதுக்குத்தானேக்கா."

சின்னவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பெரியவளைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஒண்டியாக நின்று ஒருத்தியை ஆளாக்கியவள். நின்றபடியே தேய்த்துத் தேய்த்துக் கால் வீங்கினவள். அதற்காக, போனது போகட்டும் என்று சின்னவளிடம் போய்ச் சொல்லச் சொன்னால் அதையும் செய்யமாட்டேன். தெரியாமல் செய்தது ஒன்று, தெரிந்த பிறகும் அவளை அழ விட்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு வராது.

சின்னவள் சம்பளம் இல்லாத விடுப்பு கேட்டாள். மேலதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். மாடியில் பிள்ளையோடு ஒரே போராட்டம். பாப்பாவுக்குக் கொட்டுகிற பாலே பழகிவிட்டது, உழைக்க மாட்டேன் என்றாள். மார்பைக் கண்டாலே கை கால் உதைத்து அலறினாள். பசி மீறினால் புது நிப்பிளில் கொடுப்பாள். அதையும் கடித்துத் துப்பினாள். படிக்கட்டின் அடியில் இருந்து பெரியவள் குரல் கொடுப்பாள்: "பசியில துடிக்குதுடி, கீழ கொண்டா, நான் அமத்துறேன்!" சின்னவள் கதவைத் திறக்கவில்லை. பிள்ளையைச் சட்டையில்லாமல் நெஞ்சில் போட்டுக்கொண்டு, அறைக்குள்ளேயே நடந்தாள். பசி ஏறுவதற்கு முன்னால், தூக்கம் கண்ணைச் சொருகும் நேரம் பார்த்து வாயில் வைத்தாள். துப்பினால் எடுத்துவிட்டு மறுபடி நடந்தாள்.

அப்படி ஒரு மத்தியானம், பாதித் தூக்கத்தில் பாப்பா பிடித்துக்கொண்டாள். முதலில் சும்மா வாயில் வைத்திருந்தாள். பிறகு தாடை அசைந்தது. சின்னவளுக்கு உள்ளே சுரீர் என்று பால் இறங்கியது. வற்றவில்லை, வரும் வழியைத்தான் மறந்திருந்தது. பாப்பா விழுங்குகிற சத்தம் கேட்டது.

"அக்கா!" என்று கத்துவதற்குச் சின்னவள் வாய் திறந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எந்த நல்லதும் கெட்டதும் முதலில் போகிற இடம் அது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

விடுப்பு முடிந்தது. வேறு ஆள் தேடினாள், கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிடம் விட மனசு வரவில்லை. கடைசியில் நின்ற இடம் அதே முன்னறை, அதே மேஜை. பெரியவள் அன்று மேஜையைச் சுவரோரமாகத் தள்ளி, நாற்காலி ஒன்றைப் போட்டுத் தயாராக இருந்தாள். கை நீட்டிப் பாப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"பீய்ச்சின பால் டப்பால இருக்கு. பாட்டிலைக் கழுவ வேண்டாம், அப்படியே வச்சுடு, நான் வந்து கழுவிக்கிறேன்."

"சரிடி."

"நிப்பிளும் நானே மாத்திக்கிறேன்."

"சரிங்கிறேன்ல." பெரியவள் குரல் இறங்கியது. "இந்தத் தடவை உட்கார்ந்தே குடுக்கிறேன். துணி கிடந்தா கிடக்குது."

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"தேங்க்ஸ்க்கா."

அறைந்தால்கூடப் பெரியவள் முகம் அப்படிப் போயிருக்காது. "என்னடி இது, அசலார்கிட்டச் சொல்ற மாதிரி?" என்றாள்.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.