ஊதாப் பூ மூடிய குளம்

நெருள் ஸ்டேஷன் வாசலில் இன்று ஒருத்தி பிளாஸ்டிக் டப்பில் ஆகாயத்தாமரை விற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஊதாப் பூவைப் பார்த்ததும், செம்பூரில் எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த குளத்தின் பாசி வாசனை மூக்கில் ஏறியது. அம்மா பூஜைக்காகப் பால்கனி வாளியில் அந்தச் செடியை வளர்த்தாள். வாளி கொள்ளாமல் போனபோது, "சாமிக்குப் பூ குடுத்த செடிடி, குப்பையில போடப்படாது" என்று, வாடிய மாலைகளைப் போடும் அதே குளத்தில் என் கையாலேயே விடச் சொன்னாள். மீன்கொத்தி பாய்ந்த, எருமைகள் முங்கிக் கிடந்த அந்தத் தண்ணீர், இரண்டே மழைக்காலத்தில் உள்ளங்கை அகலம்கூட மிச்சமில்லாமல் பச்சையாக மூடிக்கொண்டது. பிறகு லாரிகள் வந்து மண் கொட்டியபோது யாரும் தடுக்கவில்லை; அங்கே குளம் இருந்ததே பலருக்கு மறந்துவிட்டிருந்தது. குளத்தைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னலை அம்மா மட்டும் அதன்பிறகு கடைசிவரை திறக்கவே இல்லை.