கம்பளிக்குள் ஒரு பெரிய எண்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் நான் ஒரு எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். லுணுகலை டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், ஒரு பழைய மடிக்கணினியில். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. முதன்மை எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாததா என்று உலகில் எவருக்கும் தெரியாது. இணையத்தில் ஆர்வலர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும் எண்களில் எனக்குக் கிடைத்தது. நினைத்தாலே உடம்பு சிலிர்த்தது.

சோதனை அழகானது. நாலில் தொடங்கு. அதை அதாலேயே பெருக்கு, இரண்டைக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள். மறுபடி அதையே செய். கடைசி மிச்சம் பூஜ்யமானால் முதன்மை எண். ஏழுக்கு ஒரே சுற்று போதும்: பதினாறு, பதினாலு, ஏழால் வகுத்தால் மிச்சமில்லை. என் எண்ணுக்கோ வாரக்கணக்கில் ஓட வேண்டும். நடுவில் ஒரு சுற்று பிசகினாலும் அதன் பிறகு வருவதெல்லாம் குப்பை.

அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீ சோதனையில பூஜ்யம் எடுத்தா வெளக்குமாத்தால அடிப்பேன். இதுக்குப் பூஜ்யம் வரணும்னு நேந்துக்கணுமா?"

"ஆமாம்மா, நேந்துக்கங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாமான் வாங்க லுணுகலைக்கு இறங்கியிருந்தபோது இடி பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் எங்கள் லயத்தில் கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். பளபளப்பது மின்னலை இழுக்குமாம். அம்மா கண்ணாடியை மூடினார், டிவியை மூடினார், மடிக்கணினியின் வயரைப் பிடுங்கினார். வயரைப் பிடுங்கியும் திரை அணையவில்லை. கம்பளியால் இறுக்கச் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். நான் நனைந்து வந்து இழுத்தபோது கம்பளி கொதித்தது. உள்ளே கணினி செத்துக் கிடந்தது.

"என்னம்மா செஞ்சீங்க! அதுக்குக் காத்து வேணும்மா!"

"குளுருதேன்னா போத்துனேன்? இடி விழுந்துரும்னுதான்டி." பிறகு குரல் தாழ்ந்தது. "எல்லாம் அழிஞ்சிருச்சா புள்ள?"

"தெரியல."

ஆறும்வரை காத்திருந்தோம். அம்மா ஊற்றிய தேத்தண்ணியை இருவருமே தொடவில்லை. அந்த மென்பொருள் போகிற போக்கில் தன் கணக்கைச் சேமிக்கும், பிசகையும் தானே சரிபார்க்கும் என்று படித்திருந்தேன். வயரைச் செருகி விசையை அழுத்தினேன். திரை விழித்தது. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து கணக்கு தொடர்ந்தது. போனது அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

கணினி கணக்கை முடித்த காலையில் அம்மா, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பூஜ்யம் இல்லை.

"வரலியா?"

"வரலம்மா. அது முதன்மை எண் இல்ல. ஏதோ ஒன்னால வகுபடும்."

"எதால?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சோதனை வகுபடும் என்று அடித்துச் சொல்லும்; எதனால் என்று மட்டும் சொல்லாது.

"அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா."

"யாருக்குமேவா?" அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். நேரமாகிறதென்று பக்கத்துக் காம்பரா அக்கா கத்தினார்.

"அப்ப நீ கண்டுபிடி புள்ள," என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கினார்.