யார் எங்கே நிற்க வேண்டும்

நாடகக் குழுக்களில் இன்டர்ன்ஷிப் தேடித் திருவனந்தபுரம் முழுக்க அலைந்த மழைக்காலத்தில், என்னைவிட என் செருப்புதான் அதிகம் அவமானப்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் வாசலில் கழற்றினேன், ஐந்து நிமிடத்தில் திரும்ப மாட்டினேன். வழுதக்காட்டில் ஒரு குழு நாடகப் பள்ளிச் சான்றிதழ் கேட்டது. பேட்டையில் ஒருவர் என் பேச்சைக் கேட்டதும், "தமிழத்தி ஆணல்லே? ஒரு வேலைக்காரி ரோல் உண்டு, காமெடி," என்றார். தமிழ்ப் பெண்தானே, அதற்குப் பொருத்தம் என்று அர்த்தம். நான் நடிக்க வரவில்லை, மேடைக்குப் பின்னால் வேலை பழக வந்தேன் என்றேன். "அதுக்குப் போய் ஆராவது ஆசைப்படுமோ?" என்று சிரித்தார்.

நான் ஆசைப்பட்டேன். கல்லூரி நாடகத்தில் திரைக்குப் பின்னால் நாற்காலி தூக்கினேன். அங்கே ஒரு பெண் இருட்டில் நின்றுகொண்டு, யார் எப்போது போக வேண்டும், எந்த விளக்கு அணைய வேண்டும் என்று கையை அசைத்தே நடத்திக்கொண்டிருந்தாள். கைதட்டல் நடிகர்களுக்குப் போனது. ஆனால் அவள் கை இறங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. எனக்கு அந்தக் கை வேண்டும் என்று தோன்றியது.

அப்பாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து டைல்ஸ் பதிக்க இங்கே வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கரமனை ஆற்றோரத்து வாடகை வீடுகளில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம்.

"ஏட்டி, நாடகத்துல நடிக்கவும் மாட்டேங்க, எழுதவும் மாட்டேங்க. பொறவு அங்க என்ன செய்யப் போற?"

"மத்தவங்கள ஒழுங்கா நிக்க வைக்கப் போறேன்."

"அத வீட்டுல செய்யி."

சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையை அவர் எனக்குப் பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். யூனிஃபார்ம் சுடிதார்கூட வீட்டுக்கு வந்துவிட்டது. ஊதா நிறம், மார்பில் கடையின் முத்திரை. அதைக் கொடியில் மாட்டிவைத்து அம்மா தினமும் தூசி தட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது.

கடைசியாகப் போனது எங்கள் கரமனையிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த குழு. அக்ரஹாரத்துத் தெருவில் அங்கிருக்கும் பிராமண சமூகத்தாருக்குச் சொந்தமான ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இயக்குநர் நாற்பது வயதுப் பெண்மணி, எல்லாருக்கும் சேச்சி. "இன்டர்ன் எல்லாம் ஃபுல்லாணு. வேணும்னா இந்த ஆழ்ச்ச வந்து பாரு. பிடிச்சா நோக்காம்," என்றார். இந்த வாரம் மட்டும் வந்து இரு, அப்புறம் பார்ப்போம் என்று அர்த்தம். வாரம் முடிந்தால் எனக்குத் துணிக்கடை. அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாளே ஸ்டேஜ் மேனேஜர் சேட்டன் என்னிடம் ஃபிளாஸ்க்கை நீட்டினார். "எல்லார்க்கும் சாயா வாங்கிட்டு வா."

"முறை போட்டு வாங்கினா என் முறைக்கு நான் போறேன் சேட்டா. டெய்லி நான்னா நான் டீக்கடையிலயே சேந்திருப்பேன்."

ஒரு நடிகர் சிரித்தார். சேட்டன் சிரிக்கவில்லை. மூலையைக் காட்டி, "அங்ஙன இரு. ஒண்ணும் தொடாதே," என்றார். அதுதான் எனக்குத் தண்டனை.

மூலையில் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்க நான் பார்த்தது தரையை. அப்பாவோடு எத்தனையோ வீடுகளில் டைல்ஸ் வரிசை நேராக வரக் கட்டும் நூலின் மறுமுனையைப் பிடித்து வளர்ந்தவள் நான். எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். அந்த ஹாலில் டைல்ஸ் பதித்தவனை நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். ஜாயின்ட் நேராக இல்லை. மூன்றாவது வரிசை ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கதவோரம் வெட்டுத்துண்டுகளை வைத்து ஒப்பேற்றியிருந்தான். அந்தக் கோணல் தரைமேல்தான் நாடகத்தின் மார்க்குகள் இருந்தன. மூன்று பெஞ்சுகள், ஒவ்வொரு கால் நிற்கும் இடத்திலும் கலர் டேப். நடிகர்கள் நிற்கும் இடங்களிலும் டேப். ஒரு நடிகர் பின்பக்கமாகவே நடந்து வந்து, திரும்பிப் பார்க்காமல் பெஞ்சின்மேல் தாவுவார். பெஞ்சு கொஞ்சம் விலகினாலும் அவர் மண்டை உடையும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நாடக விழாவுக்குத் தேர்வு செய்யும் ஆள் ஒத்திகை பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் ஏழரைக்கே போய்விட்டேன். உள்ளே நுழைவதற்கு முன்பே கூச்சல் கேட்டது.

தரையில் ஒரு டேப்கூட இல்லை. ஈரம் மின்னியது. ஹால் சாவி வைத்திருக்கும் மாமி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றார். எதிரே சேட்டன் தலையில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்தார். சேச்சியும் நடிகர்களும் சுற்றி நின்றார்கள்.

"நாளைக்கு இங்கே பஜனை. ஹாலை அலம்பாம விட முடியுமா? சனிக்கிழமை அலம்பறது எத்தனையோ வருஷமா நடக்கறது. கலர் கலரா ஒட்டி வெச்சிருந்தேள், வந்த கொழந்தைகள் ஏதோ ஒட்டிட்டுப் போயிருக்குன்னு நகத்தால கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். விரலெல்லாம் எரியறது. இந்தாங்கோ, ஒண்ணும் தூக்கிப் போடலை." உருட்டிய டேப்பை ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு பந்தாக நீட்டினார்.

சேட்டன் அந்தப் பந்தைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. போட்டோ இருக்கிறதா என்று சேச்சி கேட்டார். ஃபோனில் இருந்ததெல்லாம் நடிகர்களின் முகம். கையில் இருந்த வரைபடம் பெரிய அரங்கத்துக்கானது, இந்த ஹாலுக்கு ஆகாது. சேட்டன் மறுபடியும் மாமியிடம் எகிறினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சேட்டா, அவங்ககிட்டக் கத்தாதீங்க. அவங்க ஹாலை அவங்க கழுவினாங்க. சனிக்கிழமை கழுவுவாங்கன்னு இந்தத் தெருவுல நடந்து போற எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரமா இங்க இருக்கீங்க, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நினக்கு எந்து அறியாம்?" உனக்கு என்ன தெரியும் என்று சேட்டன் என் பக்கம் திரும்பினார்.

"மார்க் எல்லாம் எங்க இருந்துச்சுன்னு தெரியும்."

சேச்சி என்னை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். "செய்யாமோ?"

"செய்யலாம். ஆனா முதல்ல சொல்லுங்க சேச்சி. நான் இன்டர்னா, இல்லையா?"

"இது பிளாக்மெயில் ஆணல்லோ கொச்சே."

"ஆமா."

சேச்சி வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. "சரி. ஒரு ஆளும் வீழாதிருந்தா நீ உள்ளில். ஒருத்தன் வீழ்ந்தா புறத்து."

ஈரத் தரையில் டேப் ஒட்டாது. மாமியிடம் பழைய துணி கேட்டேன். "நான் அலம்பினதை நீ தொடைக்கறயா? நன்னா இருக்குடி," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிழிந்த வேஷ்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தானே தரையில் உட்கார்ந்து துடைத்தார். மாலைக்குள் எல்லா டேப்பையும் எடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சேட்டனிடம் கையை நீட்டினேன். புது டேப் சுருளை அவர் தன் கடைசிச் சட்டையைக் கழற்றித் தருவதுபோலத் தந்தார்.

கதவோரத்து வெட்டுத்துண்டிலிருந்து தொடங்கினேன். முதல் பெஞ்சின் முன்கால் உடைந்த டைல்ஸின் மூலையில். பின்கால் இழுத்துக்கொண்டு போகும் வரிசையின் ஜாயின்ட்டில். கோணல் வேலை செய்த அந்த ஆளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நல்ல தரையாக இருந்திருந்தால் எல்லா டைல்ஸும் ஒன்றுபோல இருந்திருக்கும், எனக்கு ஒன்றும் நினைவில் நின்றிருக்காது.

மூன்றாவது பெஞ்சு, அந்த நடிகர் தாவும் பெஞ்சு, வந்தபோது கை நின்றுவிட்டது. மற்றவர்கள் மறைத்துக்கொண்டு நின்றதால் அதன் கால்களை மூலையிலிருந்து நான் சரியாகப் பார்த்ததே இல்லை. தெரிந்த மாதிரி எதையாவது ஒட்டியிருக்கலாம். "இது மட்டும் எனக்குத் தெரியல," என்று உரக்கச் சொன்னேன். சேட்டன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

தாவும் நடிகரைக் கூப்பிட்டேன். "பெஞ்சு இல்லாமலே பின்னால நடந்து வாங்க. எப்பவும் போல. தாவுற இடம் வந்ததும் தாவாம நின்னுடுங்க." அவர் நடந்தார், நின்றார். திரும்பவும் நடக்கச் சொன்னேன். அதே டைல்ஸில் குதிகால் வந்து நின்றது. மறுபடியும் நடந்தார், மறுபடியும் அதே டைல்ஸ். அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. அங்கே பெஞ்சை வைத்து டேப் ஒட்டினேன்.

"நான் வீழ்ந்தா நீயாணு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது," என்றார் அவர்.

"விழ மாட்டீங்க. விழுந்தா எனக்குத் துணிக்கடை."

பத்து மணிக்கு வரவேண்டிய ஆள் பத்தரைக்கு வந்தார். நாடகம் தொடங்கியது. நான் என் மூலையில் நின்றேன், உட்காரவில்லை. அந்த நடிகர் பின்பக்கமாக நடந்து வந்தபோது வாசலில் நின்ற மாமி, "அய்யோ, பாத்து!" என்று தமிழில் கத்திவிட்டார். நடிகர் தாவினார். இரண்டு பாதங்களும் பெஞ்சின் நட்டநடுவில் இறங்கின. பெஞ்சு அசையவே இல்லை.

வந்தவர் போன பிறகு சேச்சி, "திங்களாழ்ச்ச ஒம்பது மணி. லேட் ஆகாதே," என்று மட்டும் சொன்னார். சேட்டன் ஃபிளாஸ்க்கோடு வெளியே போய்த் திரும்பி வந்து முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார். "இந்நு என்றெ முறை," என்றார். இன்று அவர் முறையாம். நான் வாங்கிக் குடித்தேன். சர்க்கரை குறைவாக இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "ஜாயின்ட் அவ்வளவு மோசமாவா போட்டிருக்கான்? யாருட்டி அவன்?" என்றார். அதற்குமேல் துணிக்கடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் யூனிஃபார்மை மேஜைமேல் வைத்தேன். சூப்பர்வைசர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"வேற கடையில கிடைச்சுதோ?"

"நாடகம்."

"நடிக்கவா?"

"இல்ல. யார் எங்க நிக்கணும்னு சொல்ற வேலை."

"அவிடே ஏசி உண்டோ?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு, கரமனை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். லேட் ஆகக் கூடாது.