டோக்கனைத் திருப்பித் தராதவர்

கோரமண்டல் ரயில் நிலையத்துக்கு அருகே, பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பின் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்தவரின் மகள் எழுதிய முதல் நாவலுக்கு விழா. நன்றியுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை எல்லாம் முறைப்படி நடக்கின்றன. முப்பது வருடம் அரசாங்கக் கூட்டங்களை நடத்தியவனுக்கு இதில் குறை கிடைக்காதது சற்று வருத்தம்தான்.

கதை உண்மைக் கதை. ஒரு தொழிலாளி பூமிக்கடியில், பாறைச் சுவரில், காதலியின் முகத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைகிறான். ஒருநாள் பாறை சரிகிறது. அவன் மேலே வரவில்லை. அந்தக் காதலி ராஜம்மாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். முதல் பிரதியை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் அமர்கிறார்.

கடைசி அத்தியாயத்தைப் படிக்க, நாவலை எழுதிய பெண் எழுகிறாள்.

"இன்னாம்மா, இதுல அவரு செத்துடறாரா?" என்கிறார் ராஜம்மா.

"ஆமாங்கம்மா."

"பாடியே கெடைக்கல. எறங்கறப்போ எடுத்த டோக்கனை அவரு இன்னும் திருப்பித் தரல. யாரைக் கேட்டு சாவடிச்சே?"

ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்ற விதியைச் சொல்ல வாயெடுக்கிறேன். காலடியில் தரை அதிர்கிறது. மேடையில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. உள்ளே வெறும் தண்ணீர்தான். கூட்டத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை.

"பாரு, கேட்டுக்கினுதான் கீறாரு."

எழுதிய பெண் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

நான் எழுந்து, "வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி" என்று தொடங்குகிறேன். ராஜம்மா என்னையே பார்க்கிறார்.

"கீழே இருப்பவருக்கும்" என்று சேர்த்துக்கொள்கிறேன்.