என் அறைக்கு ஆத்தா வந்திருந்தபோது

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் பல வருடம் நின்றுவிட்டு, முப்பதைத் தாண்டியபின் நர்சிங் படிக்கப் போனவள் நான். வகுப்பில் என்னைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அவர்கள் மருந்தியலை ஆங்கிலத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் ஆங்கிலத்திலேயே மறந்தார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. எந்த விஷயமானாலும் ஏற்கெனவே தெரிந்த ஒரு சாமானோடு சேர்த்துக் கட்டினால்தான் மனதில் நிற்கும்.

வைரஸ் மருந்துகள் பாடம் வந்த வாரம் அசைக்ளோவிரை நிட்டிங் மெஷினோடு கட்டிவைத்தேன். அம்மைக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப்போலவே இன்னொன்றைப் பின்னத் தொடங்குகிறது. கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிற சங்கிலி அது. அசைக்ளோவிர் அந்தக் கண்ணிகளில் ஒன்றைப்போல வேஷம் போட்டு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த கண்ணியைப் பிடிக்கிற கொக்கி அதற்கு இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறொன்று. மருந்து செல்லுக்குள் தூங்கிக்கொண்டேதான் போகிறது. அதை முதலில் தட்டி எழுப்புவது கிருமி வைத்திருக்கிற ஒரு நொதி. கிருமி இல்லாத செல்லில் எழுப்பிவிட ஆளில்லை. பெரும்பாலும் தூங்கின மேனிக்கே அது சிறுநீரோடு வெளியே போய்விடும்.

"இருக்கிற வைரஸைக் கொல்லாதும்மா, பெருக விடாது. அவ்வளவுதான் அதோட வேலை. அதனால முதல் நாளே ஆரம்பிச்சிடணும்" என்பார் எங்கள் டீச்சர்.

அந்த மாத்திரையை நானே விழுங்கும்படி ஆயிற்று. குழந்தைகள் வார்டில் பயிற்சிக்குப் போய்வந்த கொஞ்ச நாளில் காய்ச்சல். காலையில் குளிக்கும்போது நெஞ்சில் ஒரு கொப்புளம். ரோஜா இதழில் பனித்துளி உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று பாடத்தில் வருமே, அதேதான். சின்ன வயதில் எனக்கு அம்மை போடவில்லை. வளர்ந்தவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும் என்பதால், டாக்டர் பார்த்த உடனே மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். கொப்புளமெல்லாம் காய்ந்து பக்கு கட்டும்வரை கல்லூரிப் பக்கம் வரக்கூடாது.

எனக்கென்று இருந்தது ஒரு லைன் வீட்டின் கடைசி அறை. அம்மா இறந்த பிறகு ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பேச்சுத்துணைக்கு இருந்தது வீட்டுக்காரம்மாள் ஒருவர்தான். அடுத்த வாசலில் மகன், மருமகளோடு இருந்தார். மகன் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாயங்காலம் குழாயடியில் நானும் அவரும் நின்றால் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாது. அவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிக்கொள்ளவே நான் தண்ணீருக்குப் போவேன். ஓயாமல் பேசுகிற ஒரு டெய்லரைப் பற்றி, "அவன் வாயி ஓவர்லாக் மெசினாட்ட கண்ணு, நூலு அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்" என்பார். என்னையும் விடமாட்டார். "இந்த வயசுக்கு மேல ஊசி குத்தப் படிக்கறயே அம்முணி, காலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணியிருந்தா தெனமும் ஊட்லயே ஒருத்தனக் குத்தியிருக்கலாமல்ல?"

அப்படிப்பட்டவர், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தள்ளி நின்று விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றினார். கை குவித்தார்.

"ஆத்தா வந்துட்டாளா! என்ற வாசலுக்கு வந்துட்டாளா!"

"அக்கா, எங்க ஊட்ல எல்லாம் வேதக்காரங்க, உங்களுக்குத் தெரியுமல்லங்க."

"அவளுக்கு அதெல்லாம் ஏது? புடிச்ச ஊட்டுக்குப் போவா."

என் கதவில் வேப்பிலை ஏறியது. அவர் வீட்டில் தாளிப்பது நின்றது. காலையும் மதியமும் இளநீர், மோர், கம்மங்கூழ் என்று வாசற்படியில் வந்து உட்கார்ந்தன. ஆத்தாளுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று அவர் கொண்டுவந்ததை, சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று நான் குடித்தேன். மருந்தியலும் மாரியாத்தாளும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். மாத்திரையை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். ஆத்தா வந்திருக்கும்போது மருந்தா என்று அவர் முகம் வாடும்.

கொப்புளம் தந்த எரிச்சலைவிட எனக்குத் தாங்காமல் போனது இன்னொன்று. அவர் என்னோடு பேசவில்லை. பேசினார், ஆனால் ஆத்தாளோடு பேசினார். படியில் சொம்பை வைத்துவிட்டு, என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து, "குளுந்து போ தாயி, கொறையிருந்தாப் பொறுத்துக்க" என்பார்.

"அக்கா, நான்தானுங்க."

"செரி ஆத்தா."

போய்விடுவார். பக்கத்து யூனிட்டில் நிட்டிங் மெஷின் ஓடுகிற இரைச்சல் நாள் முழுக்கச் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் போனில் ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பினார்கள், 'சீக்கிரம் குணமாகுங்க அக்கா' என்று. அதற்கு நான் எழுதிய நீளமான பதிலை யாரும் திறந்து பார்க்கவில்லை. யாராவது வந்து என்னைத் திட்டினாலும் சரி, கேலி பண்ணினாலும் சரி, என்னைப் பார்த்துப் பண்ணட்டும் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் வீட்டுக்காரம்மாள் முகமெல்லாம் மலர வந்து நின்றார். அவருடைய மருமகளுக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத் தங்கின பிள்ளை. வாந்தி தாங்காமல் ஒரு மாதமாகத் தாராபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள்.

"நாளைக்குக் கூட்டிட்டு வாரன் ஆத்தா. அவ தலைல உன்ற கையால ஒரு கொத்து வேப்பலை வெச்சுட்டீன்னா, புள்ள நல்லபடியாப் பொறந்துரும். அதுக்குத்தான நீ இந்த வாசலுக்கே வந்திருக்கறே?"

கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் நுரையீரலில் இறங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இளங்கர்ப்பமானால் பிள்ளையையும் பாதிக்கலாம். ஏற்கெனவே அம்மை போட்டிருந்தால் பயமில்லை.

"அக்கா, அந்தப் புள்ளைக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுருக்குதுங்களா?"

"அது எனக்கென்ன தெரியும்? அவ எங்கூட்டுக்கு வந்தே கொஞ்ச வருசந்தான?"

"அப்படீன்னா வரவே கூடாதுங்க. இது ஒட்டிக்கற சீக்குங்க. காத்துலயே போகும். வயித்துப் புள்ளைக்கு ஆவாதுங்க. ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். பிள்ளை மழலை பேசினால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "நீ படிச்ச புஸ்தகத்துல அப்படி இருக்கும் கண்ணு. ஆத்தா வயித்துப் புள்ளைய என்ன பண்ணப்போறா?" பல நாளுக்குப் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அந்த ஒரு வாக்கியத்தில்தான். உடனே குரல் மாறிவிட்டது. தலைக்கு மேலே பார்த்துக் கைகுவித்தார். "நீயே சொல்லு தாயி, கூட்டிட்டு வரட்டுமா?"

மருமகள் எண் என்னிடம் இல்லை. மகனோ, அம்மா சொன்னால் சரி என்கிற ஆள். இந்த அம்மாளோ நர்சு சொன்னால் கேட்கமாட்டார். யார் சொன்னால் கேட்பாரோ அந்த ஒருத்தியிடம் நேராகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்கிறார். நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிடுகிற குடும்பத்துப் பெண். ஆனாலும் வழக்கம்போல 'நான்தானுங்க' என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"கூட்டிட்டு வராதே. அவ தாராபுரத்துலயே இருக்கட்டும். நான் எறங்கிப் போறவரைக்கும் இந்த வாசல மிதிக்கப்படாது. நீயும் எட்ட நில்லு."

கண்ணைத் திறந்தபோது அவர் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். அழுதார். உடனே மகனுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் வரவில்லை.

எட்ட நிற்கச் சொன்னதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சொம்பு வாசற்படியிலிருந்து குழாயடிக்குப் போனது. அவர் போன பிறகுதான் நான் எடுக்க வேண்டும். லைனில் மற்றவர்களும் என் அறையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே மாத்திரை தன் வேலையைப் பார்த்தது. புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை, பழையவை மெல்ல மெல்லக் காய்ந்தன. அடுத்து எந்தக் கண்ணியும் சேராமல் நடுவில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பக்கு கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கதவிலிருந்து வேப்பிலையை எடுத்த அன்று முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க."

என்னிடம் அவர் அப்படி 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. நான் கீழே உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தேன். கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"அக்கா, அன்னைக்குப் பேசுனது நான்தானுங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டுச் சொன்னனுங்க. ஆத்தா இல்லீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வந்துட்டுப் போனவளப் பத்தி வந்த எடத்துக்கு என்னங்க தெரியும்?" என்றார் மெதுவாக. "நாந்தானுங்களே கேட்டுட்டு நின்னது."

நான் எழுந்து என் அறைக்கு வந்தேன்.

அடுத்த வாரம் மருமகள் வந்தாள். மெலிந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. சாயங்காலம் ஒரு தட்டில், இடியாப்பம்போலப் பிழிந்த சந்தவம் கொண்டுவந்து, அத்தை சொல்லியனுப்பியபடி வாசற்படியில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே வரச் சொன்னேன். யோசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுருக்குதா கண்ணு?"

"ஆமாங்க்கா. பள்ளிக்கூடம் போறப்ப. இங்க பாருங்க." புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரியாதவரைக்கும் ஆபத்து உண்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் வராதே என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. அவளும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். அந்த அறையில் இரண்டு பேர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"ஏனுங்க்கா, அப்பறம் எதுக்கு ஆத்தா என்னைய மட்டும் வரவேண்டாம்னா? எம்மேல ஏதாச்சும் கோவங்களா?"

அவள் கண்ணில் நிஜமான வெசனம் இருந்தது. இத்தனை நாளும் அம்மா வீட்டில் அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள்.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. உம்மேல பிரியந்தான்" என்றேன்.

"ஆத்தா சொன்னாளுங்களா?"

"ம்."

அவள் எழுந்து, நான் தடுப்பதற்குள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பக்கத்து வாசலில் மாமியாரும் மருமகளும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. நான் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, ஆறிப்போன சந்தவத்தைச் சாப்பிட்டேன்.