தங்கச்சிக்காக நான் சொன்ன பதில்

1994-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் நானும் என் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கல்யாணமாகி கோவையிலேயே குடித்தனம். அவள் அன்னூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. வந்ததிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்தியபடியே இருந்தாள்.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தாடையில் முடி வளர்ந்தது. பூனைமுடி இல்லை, நல்ல கறுப்பு முடி. பதினெட்டு வயதில் ஒன்றிரண்டாக ஆரம்பித்தது. அம்மா கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி என்று எதை எதையோ அரைத்துப் பூசிப் பார்த்தாள். நான் கடையில் ஒரு சாமணம் வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு விடியற்காலையில் கண்ணாடி முன்னால் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். டைப்ரைட்டிங் வகுப்பில் இரண்டு பெண்கள் இவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள்தான், அப்புறம் வகுப்புக்கே போகவில்லை.

அந்த நேரத்தில் கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் நான்தான் முன்னால் நிற்பேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. மயிர்க்காலில் மெல்லிய ஊசி விட்டு, கரண்ட் கொடுத்து, வேரைக் கருக்கிவிடும் வைத்தியம் ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். லேசர் என்ற பேச்சே அப்போது எங்கள் காதுக்கு எட்டவில்லை. அதைச் செய்கிற தோல் டாக்டரம்மாவை முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். "பிடுங்குறதை நிறுத்திட்டு ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. முடி இருந்தாத்தான் ஊசி விட முடியும்" என்றார். அந்த ஒரு மாதமும் என் தங்கச்சி யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பால் ஊற்ற வருகிறவர் குரல் கேட்டால்கூட உள் அறைக்குள் போய்விடுவாளாம்.

கிளினிக்கில் எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் ஏதோ படை. சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க நீங்க?"

"அன்னூர்ப் பக்கமுங்க."

"அப்படீங்களா? என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கம் ஊர் கேட்டால் அடுத்த கேள்வி இதுதான். கூட்டம் என்றால் குலப்பெயர். அதைச் சொல்லிவிட்டால் போதும், யார் வீட்டுக்கு யார் என்ன உறவு என்று ஐந்து நிமிஷத்தில் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். நானும் பழக்க தோஷத்தில் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, கிட்டத்துச் சொந்தமாயிட்டீங்க போங்க. நாங்க கோபிங்க" என்று தன் ஊரையும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் அதே ஊர்தான்.

"தங்கச்சிக்கு என்னங்க?" என்று கேட்டார். பரு என்று சொல்லி வைத்தேன். அவர் என் தங்கச்சியின் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. டாக்டரின் அறை என்று தனியாக ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு பச்சைத் துணித்திரை, அவ்வளவுதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். திரையை ஒட்டித்தான் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா தங்கச்சியின் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "மாசாமாசம் சரியா வருதாம்மா?"

வராது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம், சில சமயம் ஐந்து மாதத்துக்கு ஒரு தரம்தான் வரும். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று கணீரென்று சொன்னேன்.

"அதெல்லாம் கரெக்டா வருதுங்க. ஒரு குறையும் இல்லீங்க."

டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

வாரம் ஒரு தடவை என்று எட்டு வாரம் வந்தோம். ஒவ்வொரு முடியாக ஊசி விடுவார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வழியும், சத்தம் வராது. வெயில் படக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். கடைசி நாளன்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். "இவ்வளவு முடி சும்மா வராதும்மா. உள்ளே ஏதாவது காரணம் இருந்தா இது திரும்பத் திரும்ப வரும். வேற தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

அன்றைக்கு வெளியே யாருமே இல்லை. பெஞ்ச் காலியாகக் கிடந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு தரம் பொய் சொல்லிவிட்டு அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று கூச்சம். முடிதான் போய்விட்டதே, இனி எதற்குக் கிளற வேண்டும் என்றும் ஒரு எண்ணம். "இல்லீங்க" என்றேன். இந்த இரண்டாவது பொய்க்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது. முதல் பொய்யை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். இரண்டாவதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

தை மாதம் வந்து பார்த்தார்கள், பிடித்துப்போனது, வைகாசியில் கல்யாணமும் நடந்தது. அந்தக் கிளினிக் அம்மாள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். என்னை அடையாளமே தெரியவில்லை அவருக்கு. தெரிந்துகொண்டு சும்மா இருந்தாரோ என்னவோ. யாருக்குப் பயந்து நான் அந்தப் பொய்யைச் சொன்னேனோ அவர் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆடிக்குத் தாய்வீடு வந்த தங்கச்சியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஊசி விட்ட இடமெல்லாம் மிளகு தெறித்த மாதிரி கறுத்திருந்தது. நடுவே முடி மறுபடியும் முளைத்திருந்தது. மாமியார் எழுந்திருப்பதற்குள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்கிவிடுகிறாளாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்த அதே சாமணம். அதைச் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

நான்கு வருஷம் ஆனது. குழந்தை இல்லை. மாமியார் நல்லவர்தான், ஆனால் விசேஷ வீடுகளில் நாலு பேர் கேட்கும்போது அவர்தான் என்ன செய்வார். கடைசியில் கோவையில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் கூட்டி வந்தார்கள். மாமியாரும் நானும் கூடவே உள்ளே போனோம். முடி விஷயமும் ஊசி வைத்தியமும் இதற்குள் மாமியாருக்குத் தெரிந்துபோயிருந்தது, டாக்டரிடமும் சொல்லியிருந்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டிகள். அதனால்தான் மாதவிலக்குச் சரியில்லை, அதனால்தான் முகத்தில் முடி என்று டாக்டர் சொன்னார்.

"பதினெட்டு வயசுலயே அறிகுறி இருந்திருக்கே. முடிக்கு வைத்தியம் பாத்தீங்களே, அப்ப இதைப்பத்தி யாருமே கேக்கலையாம்மா?"

பக்கத்தில் மாமியார். நடந்ததைத் தங்கச்சி சொல்லியிருந்தால், தெரிந்தே மறைத்துப் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வந்திருக்கும். அக்காக்காரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று என்னைக் கை காட்டியிருக்கலாம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க டாக்டர். யாரும் கேக்கலைங்க."

"அஞ்சாறு வருஷம் முன்னாடியே பாத்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் மருந்து எழுதினார்.

மாமியார் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்கு அழுகை தாங்கவில்லை. "ஏன் கண்ணு அப்படிச் சொன்னே? என்னைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லி என்னக்கா ஆகுது? நீ எனக்காகத்தானே மறைச்சுப்போட்டே" என்றாள். ஏதோ நினைவு வந்தவள் போல மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "அன்னைக்கு நான் சொல்லிரலாம்னுதான் இருந்தேன்" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மருந்து சாப்பிட்டாள். ஒரு தடவை தரித்து, மூன்றாவது மாதம் கலைந்துவிட்டது. அப்புறம் இல்லை. அவள் கணவர் தங்கமானவர், ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. இருவரும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். என் பிள்ளைகள் படித்த காலத்தில் பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் சித்தி வீடுதான். அவர்களைத் திரும்ப அழைத்துவரப் போகும்போது, வாசலில் நிற்கிறவளின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

போன வருஷம் என் மகள், முகத்து முடிக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். வலிக்குமா, தழும்பு வருமா, எத்தனை தடவை போக வேண்டும் என்றெல்லாம் அவளே விசாரித்து வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முடி ஏன் வருகிறது என்று முதலில் பார்க்கச் சொல், கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல் என்றேன். துணைக்குப் போனேன். டாக்டர் பேனாவை எடுத்து, "பீரியட்ஸ் எப்படி?" என்று ஆரம்பித்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். காத்திருக்கும் இடத்தில் யார் யாரோ இருந்தார்கள், யாரும் யாரையும் ஊர் கேட்கவில்லை. என் இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கச்சியும் அன்றைக்குத் தன் பதிலைத் தானே சொல்லியிருக்க வேண்டியவள், அதை நான் பிடுங்கிக்கொண்டேன் என்ற நினைப்பு இந்தக் கைகளை விட்டு இன்னும் போகவில்லை.