திட்டி வந்த முதல் மேற்கோள்

என் ஆய்வுக் கட்டுரையை யாரோ முதன்முதலாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று மின்னஞ்சல் வந்தபோது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நுரையோடு கத்தியதில் அப்பா பதறி ஓடிவந்தார்.

"வடக்க ஒரு ஆராய்ச்சிக் குழு, அவிய கட்டுரையில என் கட்டுரையச் சொல்லியிருக்காவப்பா. இத்தனை நாளா என் கணக்குல சைபர். இப்ப ஒண்ணு!"

"உம் பேரப் போட்டா?"

"பேரப் போட்டுத்தான்."

அவ்வளவுதான். நான் அதைத் திறந்து படிப்பதற்குள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய், பால்கோவா வாங்கி, தெரு முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு மேல் ஒரு அறிவிப்பு தேவையில்லை.

பிறகு படித்தேன். 'முந்தைய ஆய்வு கூறும் முடிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று ஒரே வரி. அந்த முந்தைய ஆய்வு என்னுடையது!

புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிதான் என் ஆராய்ச்சி. ரத்தத்தையும் சீழையும் அது சட்டென்று உறிஞ்ச வேண்டும். கட்டுவதற்கு முன் அதை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். அந்தச் சூட்டுக்குப் பிறகும் நம் பக்கத்துத் துணி உறிஞ்சும் வேகம் குறையாது என்று நான் எழுதியிருந்தேன். குறைகிறது என்கிறார்கள் இவர்கள்.

மதுரையில் ஒரு ஆராய்ச்சிப் பணிக்கு அடுத்த வாரம் நேர்காணல். எத்தனை மேற்கோள் என்ற கேள்விக்கு 'ஒன்று' என்று தாராளமாகச் சொல்லலாம். பாராட்டா, ஏச்சா என்று எண்ணிக்கைக்குத் தெரியாது. ஆனால் எதிரே உட்காருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியுமே! 'உங்கள் முடிவு சரிதானா?' என்று கேட்டால் என்ன சொல்வது? ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். நான் சோதித்த துணியெல்லாம் அங்கே மாமாவின் பேண்டேஜ் யூனிட்டில் எடுத்ததுதான்.

மாமா என் கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். துணி வாங்க வருகிறவர்கள் அதைக் கும்பிடாத குறை.

"ஏட்டி, ஊரெல்லாம் பால்கோவாவாம். மாமனுக்கு எங்க?"

"அது திட்டு மாமா." விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம துணியவா குத்தம் சொல்லுதான்? போன் நம்பர் குடு. நான் பேசுதேன்."

"போன்ல சண்ட போட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல. பழைய துணிக்கட்டு ஏதாவது கெடக்கா?"

பஸ்ஸிலேயே அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்திருந்தேன். அவர்கள் எடுத்தது மருத்துவமனை ஸ்டோரில் கிடந்த நம் பக்கத்துத் துணி. மாமா எனக்குக் கொடுத்ததோ, மருமகளாயிற்றே என்று, வெளுத்துக் காயவைத்த அன்றைக்கே எடுத்த துணி. துணிக்கு எத்தனை வயது என்று நான் கேட்கவே இல்லை. அவர்களும் எழுதவில்லை.

"துணி என்ன பாலா, பழசானா திரிய?" என்று முனகிக்கொண்டே, குடோன் மூலையில் தகரக் கூரைக்கு அடியில் போன கோடையிலிருந்து வெந்துகொண்டிருந்த ஒரு துணிக்கட்டை இழுத்துப் போட்டார். புதுசையும் பழசையும் யூனிட்டில் இருந்த நீராவிப் பெட்டியிலேயே ஒன்றாக வைத்து எடுத்தோம். ஒரு தொட்டியில் தண்ணீர் பிடித்து இரண்டையும் மெதுவாக மேலே விட்டேன். சீக்கிரம் நனைந்து முங்குவதுதான் நல்ல துணி.

புதுசு முங்கிவிட்டது. பழசு தெப்பம் மாதிரி மிதந்தது. செத்த நேரம் பார்த்த மாமா, யாருக்கும் தெரியாதென்று நினைத்து விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"தொடாதீங்க மாமா!"

"காத்து பட்டிருக்கும். திரும்பப் போடு."

திரும்பத் திரும்பப் போட்டோம். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. பழசு ஒவ்வொரு தடவையும் மிதந்தது. நான் குதிக்காத குறை. மாமா எழுந்து போய் லேமினேட் அட்டையில் கை வைத்தார்.

"இதக் கழட்டணுமாட்டி?"

"எதுக்கு? புதுத் துணிக்கு அது சரிதான். பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சு வைங்க."

நேர்காணலில் மேற்கோள் எத்தனை என்று கேட்டார்கள். "ஒன்று. அதுவும் என்னை மறுத்து" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி, இரண்டு பேரும் விட்டது துணியின் வயதை என்று தொட்டிக் கதையைச் சொன்னேன். விரல் வைத்து அமுக்கிய பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். வேலை கிடைத்தது. முதல் வேலையே பழைய துணிதான்.

புதுக் கட்டுரை இப்போது வந்துவிட்டது. அதில் நான் காட்டிய முதல் மேற்கோள் அந்தக் குழுவின் கட்டுரை. இணையத்தில் அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என்னைத் திட்டிய அந்தக் கட்டுரைக்கு அதுவரை சைபர், இப்போது ஒன்று.

மாமாவிடம் சொன்னேன். "மொய்க்கு மொய், செய்முறையத் திருப்பிச் செஞ்சாச்சுன்னு சொல்லு" என்றார், ஆணி அடித்துக்கொண்டே.

அப்பாவுக்கு வேறு சந்தேகம். "ஏம்மா, அவிய ஊர்ல இதுக்கு என்ன வாங்கிக் குடுப்பாவ?"